சொந்த உலகமா, ரெடிமேட் உலகமா? ஜிஎம் சீட்ல உக்காரப் போறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

டேபிளைச் சுத்தி உக்காந்து ஆளாளுக்கு ஒரு கேரக்டரா கதையை ஆடுற ரோல்பிளேயிங் கேம்ல ஒரு கேம்பெய்ன் (பல செஷனா தொடர்ந்து ஓடற கதை) ஆரம்பிக்கலாம்னு நாலஞ்சு பேரு சேர்ந்தாச்சு, இருபது பக்க டைஸும் வந்தாச்சு, யாரு ஜிஎம், அதாவது கதையை நடத்தற கேம் மாஸ்டர்னு கேட்டதும் எல்லாரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தாங்க. அந்த ஆளு நீங்கதான்னா இது உங்களுக்கு. ரூல்ஸைக் கூட படிச்சுக்கலாம், அது பெரிய விஷயமில்ல. தூக்கத்தைக் கெடுக்கறது அடுத்த கேள்விதான்: கதை எந்த உலகத்துல நடக்குது?

வழி மொத்தம் நாலுன்னு வச்சுக்கலாம். கடையில கிடைக்கற ரெடிமேட் செட்டிங்கை (கதை நடக்கற உலகத்தை) எடுத்து ஆடுறது ஒண்ணு. சாமி, கண்டம், ராஜ்யம், வம்சம்னு மேல ஆரம்பிச்சு கடைசியா ஊருக்கு இறங்கற ஹோம்ப்ரூ (நாமளே உருவாக்கற உலகம்) ஒண்ணு. ஒரே ஒரு ஊரு, பக்கத்துல ஒரு பாழடைஞ்ச கோட்டைன்னு கீழ ஆரம்பிச்சு மேல வளர்க்கற ஹோம்ப்ரூ இன்னொண்ணு. பிளேயர்ஸையும் உக்கார வச்சு எல்லாருமா சேர்ந்து கட்டுறது நாலாவது. நான் எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிடறேன், மூணாவது, அதுல நாலாவதைக் கொஞ்சம் கலந்துக்கணும். ஆனா எல்லாருக்கும் அது சரிப்படாது, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியிருக்கு.

முதல்ல ரெடிமேட். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுறவங்க காதுல முதல்ல விழற பேரு ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். 1987-ல பாக்ஸ் செட்டா வந்தது, அதுக்கப்புறம் நாவல், வீடியோ கேம்னு குவிஞ்சு போச்சு, 2023-ல வந்த பால்டர்ஸ் கேட் 3 ஆடுனவங்களுக்கு அந்த ஊரு ஏற்கனவே பழகின ஊரு மாதிரிதான். இதுல லாபம் என்னன்னா மேப் இருக்கு, சாமிங்க லிஸ்ட் இருக்கு, கேரக்டர் உருவாக்கறப்போ "நான் எந்த ஊர்க்காரன்"னு பிளேயர் கேட்டா கை காட்ட ஒரு இடம் இருக்கு. நஷ்டம், உங்களை விட அதிகமா படிச்ச ஒரு பிளேயர் கண்டிப்பா டேபிள்ல இருப்பாரு, நீங்க ஒரு பிரபுவை உயிரோட காட்டுனதும் "அவரு செத்து நூறு வருஷம் ஆச்சே"ன்னு ஆரம்பிப்பாரு. இதுக்கு மருந்து ஒண்ணுதான், முதல் செஷன்லயே "புக்ல என்ன இருந்தாலும் சரி, நம்ம டேபிள்ல நடக்கறதுதான் நிஜம்"னு சொல்லி வச்சிடணும்.

இன்னொரு நஷ்டம் பர்ஸுக்கு. இம்போர்ட் ஆகி வர்ற ஹார்ட் கவர் புக் ஒண்ணுக்கே சில ஆயிரம் போயிடும், அதுல நீங்க ஆடப் போறது பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குன்னு வந்த 2014 ஸ்டார்டர் செட்டைப் பாருங்க, அந்த அட்வென்ச்சர் முழுக்க ஃபேண்டலின்னு ஒரு சின்ன ஊரைச் சுத்தியேதான் நடக்கும், ஃபர்காட்டன் ரெல்ம்ஸோட மத்த கண்டத்தைப் பத்தி ஒரு வரி தெரியாமலே முழுசா முடிச்சிடலாம். ரெடிமேட்லயும் ஜெயிக்கறது ஒரு சின்ன ஊருதான்னு இதை வச்சே புரிஞ்சுக்கலாம்.

ரெடிமேட்ல எனக்குப் பிடிச்சது எபெரான். 2002-ல டி அண்ட் டியை வெளியிடற விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் புது செட்டிங் வேணும்னு போட்டி வச்சப்போ வந்த சுமார் 11,000 ஐடியாவுல கீத் பேக்கரோடது ஜெயிச்சுது, 2004-ல புக்கா வந்துச்சு. அதுல ஒரு நாடே ஒரே நாள்ல அழிஞ்சு போயிருக்கும், யாரு பண்ணாங்க, எதனால ஆச்சுன்னு அஃபிஷியலா பதிலே கிடையாது, வேணும்னேதான் விட்டிருக்காங்க, உங்க டேபிளோட பதில் எதுவோ அதுதான் பதில். காசு கொடுத்து செட்டிங் வாங்கறதா இருந்தா இப்படி ஓட்டை விட்டு வச்சிருக்கறதா பார்த்து வாங்குங்க. 2024-ல ஜிஎம்முக்குன்னு வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்ல சாம்பிளுக்கு கிரேஹாக் உலகத்தையே சேர்த்திருக்காங்க, அந்த புக்கை எப்படியும் வாங்கறதா இருந்தா தனியா செட்டிங் புக்குக்கு செலவே வேண்டாம்.

இப்போ ரெண்டாவது வழி. எல்லாருக்கும் ஆசை இதுலதான். புது நோட்டு, முதல் பக்கத்துல "ஆதியில் இருள் இருந்தது", அப்புறம் பன்னெண்டு சாமி, மூணு யுகம், ரெண்டு நிலா, எல்ஃப் பாஷைக்கு இலக்கணம் வேற. முதல் செஷன்ல பிளேயர் கேக்கற முதல் கேள்வி "இந்த சத்திரத்துல ஒரு ராத்திரி தங்க எவ்ளோ?" அதுக்கு நோட்டுல பதில் இருக்காது.

பெரிய உலகம் எல்லாம் இப்படித்தானே கட்டுனாங்கன்னு கேப்பீங்க. அங்கதான் ஒரு விஷயத்தை கவனிக்கணும். கிரெக் ஸ்டாஃபோர்ட் குளோராந்தாங்கற உலகத்தை எழுத ஆரம்பிச்சது 1966-ல, டி அண்ட் டி வெளிவந்தது 1974-ல. அந்த உலகம் போர்டு கேமா வந்தது 1975, ரூன்க்வெஸ்ட்ங்கற ரோல்பிளேயிங் கேமா வந்தது 1978. எட் கிரீன்வுட்டும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸை சின்னப் பையனா இருந்தப்போ கதை எழுதறதுக்காகத்தான் உருவாக்குனாரு, அதுவும் டி அண்ட் டிக்கு முன்னாடியே. அதாவது மேல இருந்து கீழ கட்டுன அந்த உலகங்க எதுவும் "அடுத்த வாரம் செஷன் இருக்கே"ங்கற அவசரத்துல பொறந்தது இல்ல, ஆடுறதுக்குன்னே பொறந்தது இல்ல. ஆடுறதுக்குன்னு பொறந்த உலகத்தைப் பாருங்க, டி அண்ட் டியை உருவாக்குன ரெண்டு பேரு, டேவ் ஆர்னசனோட பிளாக்மூர், கேரி கைகாக்ஸோட கிரேஹாக், ரெண்டுமே ஒரு கோட்டை, அதுக்கு அடியில ஒரு டன்ஜன் (பாதாள அறைங்க), அவ்ளோதான் ஆரம்பம். 1972-ல கைகாக்ஸ் தன்னோட டன்ஜனை முதல்ல ஆட வச்சது சொந்தப் பிள்ளைங்களைத்தான். டன்ஜனுக்கு மேல ஊரு, ஊருக்கு வெளிய நாடுன்னு ஆட ஆட வளர்ந்து, உலகம் மொத்தமும் மேப்போட அச்சாகி வெளிய வந்தது 1980-ல.

அதனால மேல இருந்து கட்டுறது தப்புன்னு சொல்ல வரல. தனியா உக்காந்து மேப் வரையறது, வம்சாவளி எழுதறது, அதுவே ஒரு நல்ல பொழுதுபோக்கு, நாவல் எழுதற ஐடியா இருந்தா இன்னும் நல்லது. ராஜாங்க சண்டை, அரசியல்னு ரொம்ப நாள் ஓடற கேம்பெய்னுக்கு இது உதவவும் செய்யும். பிரச்சினை என்னன்னா, வருஷக்கணக்குல செதுக்குன ராஜாவை எவனோ ஒரு ரோக் (திருட்டு வித்தை தெரிஞ்ச கேரக்டர்) ரெண்டாவது செஷன்லயே முதுகுல குத்திட்டா ஜிஎம்முக்கு மனசு தாங்காது, உடனே ராஜாவுக்கு மந்திரக் கவசம், மறைஞ்சு நின்ன பாடிகார்டுன்னு எதையாவது கொண்டு வந்து காப்பாத்த ஆரம்பிப்போம், பிளேயர்ஸுக்கு அது அப்பட்டமா தெரியும். இந்த வழிதான் வேணும்னா உலக வரலாற்றை ஒரே பக்கத்துல முடிச்சுக்கோங்க, அந்தப் பக்கத்துல இருக்கற ஒவ்வொரு வரியும் இன்னைக்கு ஊர்ல கண்ணுக்குத் தெரியற ஏதாவது ஒண்ணா இருக்கணும், இடிஞ்ச பாலமோ, யாரும் கும்பிடாத கோயிலோ. தெரியாதுன்னா அடிச்சிடுங்க.

மூணாவது வழிக்கு வருவோம், கீழ இருந்து மேல. இதை சும்மா சொன்னா புரியாது, கட்டியே காட்டறேன்.

கருந்துறைன்னு ஒரு ஊரு. ஆத்தங்கரை, பாலம் கிடையாது, ஒரே ஒரு பரிசல். பரிசல் ஓட்டுறது வயசான ஒரு அம்மா. கடற்கரைப் பக்கம் இருந்து கழுதை மேல உப்பு மூட்டை ஏத்திட்டு வர்ற வியாபாரிங்க எல்லாம் இங்கதான் ஆத்தைக் கடக்கணும், கழுதைக்கு ஒரு பிடி உப்பு கூலி, காலங்காலமா இதுதான் வழக்கம். போன மாசத்துல இருந்து அந்தம்மா உப்பு வேண்டாங்கறாங்க, இரும்பு கொடு, ஆணியா இருந்தாலும் சரின்னு கேக்கறாங்க. அவ்ளோதான், இதுக்கு மேல எழுத வேண்டாம். பிளேயர்ஸ் கேக்கற கேள்விங்களைப் பாருங்க: எதுக்கு இரும்பு? வாங்குன ஆணியெல்லாம் எங்க? (ராத்திரி ஆத்துல போடறாங்க.) ஆத்துல என்ன இருக்கு? உப்பு எந்த ஊர்ல இருந்து வருது? இந்தப் பக்கம் இரும்பு யாருகிட்ட இருக்கு? கொல்லன் ஏன் திடீர்னு பணக்காரன் ஆயிட்டான்? ஒவ்வொரு கேள்வியும் மேப்ல ஒரு புள்ளி, அடுத்த செஷனுக்கு நீங்க எழுத வேண்டியது அந்தப் புள்ளிங்களை மட்டும்தான். உலகம் வளர்றது உங்க இஷ்டத்துக்கு இல்ல, அவங்க கேக்கற திசையில. அவங்க கேக்காத திசையில நீங்க எழுதாததால நேரமும் வீணாகல.

மேப்புக்கு ஹெக்ஸ் பேப்பர் (ஆறு பக்கக் கட்டம் போட்டது) போதும். ஒரு ஹெக்ஸ் 6 மைல்னு வச்சுக்கோங்க, ஏன்னா டி அண்ட் டி ஐந்தாம் எடிஷனோட 2014 ரூல்ஸ் படி சாதாரண நடையில ஒரு நாளைக்கு 24 மைல், சரியா 4 ஹெக்ஸ். காடு மலைன்னா வேகம் பாதி, 2 ஹெக்ஸ். ஊரை நடுவுல வச்சு சுத்தி ரெண்டு வட்டம் போட்டா மொத்தம் 19 ஹெக்ஸ் வரும், கரடுமுரடான நிலம்னா நடுவுல இருந்து ஓரத்துக்குப் போகவே ஒரு நாள் ஆகும். 19-லயும் எழுதணும்னு இல்ல, அஞ்சாறுல ஏதாவது இருந்தா போதும், மிச்சத்துல வழி, வானிலை, யாரோ விட்டுட்டுப் போன அடுப்புச் சாம்பல். முதல் ஒண்ணு ரெண்டு மாசம் இதை விட்டு எவனும் வெளிய போக மாட்டான்.

ஊரைச் சுத்தி என்ன வைக்கறதுன்னு முழிக்கறவங்களுக்கு நம்ம கைவசமே ஒரு செக்லிஸ்ட் இருக்கு, ஸ்கூல்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு மறந்தது. தொல்காப்பியத்துல கருப்பொருள்னு ஒரு லிஸ்ட் வரும், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஒவ்வொரு வகை நிலத்துக்கும் இந்த எட்டையும் நிரப்புனா அந்த நிலம் கண்ணு முன்னாடி வந்துடும். ஜிஎம்முக்கு இதுல பொன்னான கட்டம் எதுன்னா பறையும் பறவையும்தான், ஏன்னா பிளேயர்ஸ் புது ஹெக்ஸுக்குள்ள நுழையறப்போ முதல்ல கேக்கறது சத்தம், "தூரத்துல மலைப்பக்கம் ஒரு பறைச் சத்தம், நேத்து கேட்ட தாளம் இல்ல"ன்னு சொன்னாலே உஷாராயிடுவாங்க. பாலை இன்னும் அருமை. அது தனி நிலமே கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வறண்டா பாலையாகும்னு சிலப்பதிகாரம் சொல்லுது. இதை அப்படியே ரூலா மாத்துங்க, கோடை மாசத்துல மழை தவறுனா மேப்ல இருக்கற காட்டு ஹெக்ஸ் பாலை ஹெக்ஸா மாறும், வழியில யாரு எதிர்ப்படுவாங்கன்னு சொல்ற என்கவுண்டர் டேபிளும் மாறும், போன தடவை தேன் வித்த ஆளுங்க இந்தத் தடவை வழிப்பறிக்கு நிப்பாங்க. காசு கொடுத்து வாங்குன புக்ல கூட இவ்ளோ சுருக்கமான ஐடியா எனக்குக் கிடைச்சதில்ல. ஒரே ஒரு எச்சரிக்கை, தெய்வம்ங்கற கட்டத்தை மட்டும் எடுத்துக்கிட்டு பேரை நீங்களே வைங்க. வீட்ல விளக்கேத்தி கும்பிடற சாமியை ஹிட் பாயிண்ட்ஸோட (அடி வாங்கத் தாங்கற உயிர்க் கணக்கோட) டேபிள்ல நிறுத்துனா சில பேருக்கு சங்கடமா இருக்கும், அது நியாயம்தான்.

ரூல்ஸ் பத்தி ஒரு வார்த்தை, ஹோம்ப்ரூ பண்ற நிறைய பேரு கோட்டை விடற இடம் இது. தண்ணி கிடைக்காத பாலைவன உலகம், ஒவ்வொரு சொட்டும் தங்கம்னு பிரமாதமா கட்டுவாங்க, ஆனா ஆடுறது ஐந்தாம் எடிஷன். அதுல முதல் லெவல் டிரூயிட் (இயற்கையை வச்சு மந்திரம் போடற கேரக்டர்) குட்பெர்ரின்னு ஒரு மந்திரம் போட்டா 10 பழம், ஒரு பழம் ஒருத்தருக்கு ஒரு நாள் சாப்பாடு. கிளெரிக் (பூசாரி கேரக்டர்) இன்னொரு முதல் லெவல் மந்திரத்துல 10 கேலன் தண்ணி வரவழைப்பாரு. முதல் செஷன்லயே பஞ்சம் முடிஞ்சுது. இதுக்கு ரெண்டு வழிதான், ஒண்ணு அந்த மந்திரங்களை முன்கூட்டியே சொல்லிட்டு எடுத்துடறது, இல்லன்னா அதையே உலகத்தோட பகுதியா ஆக்கறது: பழம் வரவழைக்கத் தெரிஞ்சவங்களை ஜமீன்தார் சங்கிலி போட்டு வச்சிருக்கான், யாரும் பொது இடத்துல அந்த மந்திரத்தைப் போட மாட்டாங்க. செத்தவங்களை எழுப்பற ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 500 தங்கக் காசு மதிப்புள்ள வைரம் வேணும், அப்போ வைரச் சுரங்கம் எவன் கையில இருக்கோ அவன் கையிலதான் சாவும் இருக்கு. இப்படி யோசிச்சா ரூல்புக்கே பாதி உலகத்தைக் கட்டிக் கொடுத்துடும். ரெடிமேட் உலகத்துல இந்தத் தலைவலி கம்மி, ரூல்ஸை மனசுல வச்சே எழுதியிருப்பாங்க. எபெரான்ல மந்திரத்தை வச்சே ரயில் ஓட்டுவாங்க.

நாலாவது, எல்லாரும் சேர்ந்து கட்டுறது. இதுக்குன்னே கேம் இருக்கு. பென் ராபின்ஸோட மைக்ரோஸ்கோப், 2011-ல வந்தது, ஜிஎம்மே கிடையாது, ஒரு வரலாற்றோட ஆரம்பத்தையும் முடிவையும் முதல்லயே முடிவு பண்ணிட்டு நடுவுல யுகம், சம்பவம், காட்சின்னு வரிசையில்லாம ஆளாளுக்கு சொருகிட்டே போகணும். அதுல ஆரம்பத்துலயே எது இருக்கலாம், எது கூடாதுன்னு ரெண்டு லிஸ்ட் போடுவாங்க, மைக்ரோஸ்கோப் ஆடாட்டியும் அந்த லிஸ்ட்டை மட்டும் கடன் வாங்குங்க, "துப்பாக்கி கூடாது, பேசற மிருகம் இருக்கலாம்"னு முதல் நாளே பேசிட்டா பாதி சண்டை வராது. தி கொயட் இயர்னு இன்னொண்ணு, 2013-ல ஏவரி ஆல்டர் எழுதுனது, சாதாரண சீட்டுக்கட்டு 52 சீட்டு, ஒரு சீட்டு ஒரு வாரம், ஒரு வருஷத்துக்கு ஒரு ஊரு எப்படிப் பிழைக்குதுன்னு எல்லாரும் ஒரே பேப்பர்ல வரைவாங்க. அதை ஒரு சாயங்காலம் ஆடி முடிச்சா கையில ஒரு ஊர் மேப், ரெண்டு பழைய பகை, கட்டி முடிக்காத ஒரு கிணறுன்னு ஏதாவது இருக்கும், கேம்பெய்னுக்கு அதுவே தாராளம்.

லாபம் கண்ணுக்குத் தெரியும், தான் வரைஞ்ச மலைமேல ஓர்க் படையெடுத்தா பிளேயர் கோவத்தோட எழுந்து நிப்பாரு, நீங்க வரைஞ்ச மலைன்னா போன் நோண்டிட்டு இருப்பாரு. நஷ்டம் ரெண்டு. எல்லா குரூப்லயும் ஒருத்தன் தலைநகரத்துக்கு பரோட்டாபுரம்னு பேரு வைப்பான், மத்தவங்க சிரிப்பாங்க, பத்தாவது செஷன்ல அங்க ஒரு சோகமான சாவு நடக்கறப்போ எவனுக்கும் அழுகை வராது. அடுத்தது ரகசியம், ராஜாவோட துரோகத்தை எழுதுனவரே பிளேயரா உக்காந்திருந்தா அதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? அதனால நான் முழுசா சேர்ந்து கட்டச் சொல்ல மாட்டேன், கேள்வி மட்டும் கேளுங்க, அதுவும் அந்தக் கேரக்டருக்குத் தெரிஞ்ச அளவுல: "உங்க பாட்டி இந்தக் காட்டைப் பத்தி என்ன சொல்லி பயமுறுத்துவாங்க?" பதிலை எழுதி வச்சுக்கோங்க. பாட்டி சொன்னது உண்மையா கட்டுக்கதையாங்கறது உங்க கையில. இது சின்ன வித்தைதான், ஆனா பிளேயருக்கு உரிமையும் கிடைக்குது, உங்ககிட்ட ரகசியமும் மிஞ்சுது.

வேலைக்குப் போறவங்க குரூப்புக்கு இன்னொண்ணு சொல்லணும். ஒருத்தருக்கு நைட் ஷிஃப்ட், ஒருத்தருக்கு கைக்குழந்தை, அஞ்சு பேரும் ஒரே நாள்ல கிடைக்கறது குதிரைக்கொம்பு. மைக்ரோஸ்கோப் எழுதுன அதே ராபின்ஸ் வெஸ்ட் மார்ச்சஸ்னு ஒரு முறையை ஆடிக் காட்டுனாரு: ஊரு பத்திரமான இடம், சாகசம் முழுக்க ஊருக்கு வெளிய, நிலையான குரூப் கிடையாது, எந்த நாள் யாரு போறாங்க, எங்க போறாங்கன்னு பிளேயர்ஸே முடிவு பண்ணி ஜிஎம்முக்கு சொல்லணும், செஷன் முடிவுல ஊருக்குத் திரும்பிடணும். கீழ இருந்து கட்டுன உலகத்துக்கு இது அளவெடுத்து தைச்ச மாதிரி பொருந்தும், ஏன்னா உங்களுக்குத் தேவை ஊரும் 19 ஹெக்ஸும்தான், எங்க போறோம்னு அவங்க முன்னாடியே சொல்லிடறதால அதை மட்டும் தயார் பண்ணா போதும்.

டூல்ஸ் பத்தி நிறைய எழுத இல்ல. அஸ்கார் மேப் ஜெனரேட்டர் பிரவுசர்லயே ஓசியில ஓடும், ஒரு கிளிக்குல கண்டம், நாடு, ஆறு, மதம் எல்லாம் வந்துடும், அதுதான் ஆபத்தும், முந்நூறு ஊரு பேரோட மேப் இருக்கும் ஆனா ஒரு ஊர்லயும் ஒரு பரிசல்காரம்மா இருக்க மாட்டாங்க. பென்சிலே போதும்.

பின்னாடி புக்கா போட்டு விக்கலாம்னு ஆசை இருந்தா அதையும் இப்பவே யோசிக்கணும். 2023 ஜனவரியில விசார்ட்ஸ் டி அண்ட் டியோட அடிப்படை ரூல்ஸ் டாகுமெண்ட் 5.1-ஐ கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கற திறந்த லைசென்ஸ்ல விட்டுட்டாங்க, அந்த ரூல்ஸை வச்சு உங்க சொந்த உலகத்தை எழுதி பேரு குறிப்பிட்டு தாராளமா விக்கலாம். ஆனா அதுல ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகம் சேர்த்தி இல்ல, அங்க நடக்கற கதையை விக்கணும்னா டிஎம்ஸ் கில்டுங்கற அவங்க தளத்துல மட்டும்தான், உங்க பங்கு பாதி. ஆடுறதுக்கு மட்டும்னா இதெல்லாம் கவலையே இல்ல, வீட்டு டேபிள்ல எதை வேணா ஆடலாம்.

சரி, யாருக்கு எது? முதல் தடவை ஜிஎம், ரூல்ஸும் இன்னும் கைக்கு வரல, அடுத்த ஞாயித்துக்கிழமை செஷன்னா ஸ்டார்டர் செட் ஏதாவது எடுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. ரூல்ஸ் பழகியாச்சு, வாரத்துல ஒரு சாயங்காலம்தான் கிடைக்கும்னா ஒரு ஊரு, 19 ஹெக்ஸ், ஒவ்வொரு பிளேயருக்கும் ஒரு பாட்டிக் கேள்வி. பிளேயர்ஸ் எல்லாருமே எழுதற ஆளுங்க, கற்பனை பொங்குதுன்னா ஒரு சாயங்காலம் தி கொயட் இயர் ஆடிட்டு அங்க இருந்து ஆரம்பிங்க. உலக வரலாறு எழுதாம தூக்கம் வராதுங்கறவங்க எழுதுங்க, யாரு தடுக்கப் போறா, டேபிளுக்கு மட்டும் அந்த ஒரு பக்கத்தோட வாங்க.

எந்த வழியா இருந்தாலும் செஷன் முடியறப்போ எல்லாரும் எழுந்து போறதுக்கு முன்னாடி "அடுத்த தடவை எங்க போறீங்க"ன்னு கேட்டு வாட்ஸ்அப் குரூப்ல எழுதி வாங்கிடுங்க. எழுதிக் கொடுத்துட்டு வந்து உக்காந்ததும் "கப்பல் ஏறிட்டோம்"னு சொன்னாங்கன்னா, ஏதாவது ரெடிமேட் புக்ல இருந்து ஒரு துறைமுகத்தை உருவி பேரை மாத்தி வச்சுக்கோங்க, கண்டுபிடிக்க மாட்டாங்க. அந்த நிறைய படிச்ச பிளேயர் மட்டும் கண்டுபிடிப்பாரு, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து சமாளிச்சுக்கலாம்.